ஃபிராங்க்ளின் கற்கள் ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது: என்ன விளக்கு வாங்குவது, எப்படிச் சுத்தம் செய்வது?

கீதா_பார்சிப்பனி

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில் இருக்கிறோம். போன மாதம் வடக்கே ஹாம்பர்க் பக்கம் ஒரு பழைய வீட்டில் சாமான்களை விற்றார்கள். அங்கே ஒரு ஷூ பெட்டி நிறையக் கற்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவரும் அவருடைய அப்பாவும் ஃபிராங்க்ளின் துத்தநாகச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களாம். பேத்திதான் விற்றுக்கொண்டிருந்தார். "இருட்டில் ஒளிரும், குழந்தைக்குப் பிடிக்கும்" என்று சொல்லிப் பெட்டியோடு கொடுத்துவிட்டார்.

மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. வீட்டில் ஒரு ஊதா டார்ச் இருக்கிறது, மேலே 395 என்று போட்டிருக்கிறது. அதை அடித்துப் பார்த்தால் எல்லாக் கல்லும் ஒரே ஊதாவாகத் தெரிகிறதே தவிர, படங்களில் காட்டுகிற சிவப்பும் பச்சையும் வரவில்லை.

பெட்டியில் பெரும்பாலானவை வெள்ளைக் கல்லில் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரியானவை. சிலவற்றில் கருஞ்சிவப்பாகவும் திட்டுகள் உண்டு. வெள்ளைக்குள் கறுப்புப் படிகம் பதிந்த கல் ஒன்று, பார்க்கவே அழகாக இருக்கிறது. அழுக்குச் சாம்பல் நிறத்தில் பார்க்க ஒன்றுமே இல்லாத, ஆனால் கனமான கற்கள் மூன்று. நாலைந்து கற்களில் சின்னக் காகிதச் சீட்டு ஒட்டியிருக்கிறது. இரண்டில் "பார்க்கர்" என்றும் ஒன்றில் "ஃபிராங்க்ளின் ஃபர்னஸ்" என்றும் எழுதியிருக்கிறது. மற்றவற்றில் வெறும் எண்தான்.

என் கேள்விகள்:

என்ன விளக்கு வாங்க வேண்டும்? கண்ணுக்குக் கெடுதல் என்கிறார்களே, குழந்தை கையில் கொடுக்கலாமா?

கற்கள் ஒரே கரியும் புழுதியுமாக இருக்கின்றன. வினிகரில் ஊறவைத்து, சீட்டுகளையும் உரித்துவிட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?

அந்தச் சுரங்கத்தை நேரில் போய்ப் பார்க்க முடியுமா? ஃபிராங்க்ளினிலும் ஒரு மியூசியம், ஆக்டன்ஸ்பர்க்கிலும் ஒரு மியூசியம் என்று காட்டுகிறது. ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் எதற்குப் போவது?

மணி_சஸெக்ஸ்

கீதா, முதலில் வினிகரை எடுத்து உள்ளே வையுங்கள். சீட்டுகளைத் தொடாதீர்கள். மீதியைப் பிறகு நிதானமாகப் பேசலாம்.

வெள்ளையாக இருப்பது கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கல் இனம். வினிகரோ எலுமிச்சையோ பட்டால் நுரைத்துக் கரையும். கருஞ்சிவப்புத் திட்டு அநேகமாக ஜின்சைட். அதுவும் அமிலத்துக்குத் தாங்காது. பச்சையாக ஒளிரப் போகும் வில்லமைட்டும் அப்படித்தான். வெறும் தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி, இவ்வளவு போதும். சீட்டு ஒட்டிய கற்களை நனைக்கவே வேண்டாம். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி விடுங்கள்.

சீட்டைப் பற்றி இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபிராங்க்ளின் சுரங்கத்தை 1954இல் மூடிவிட்டார்கள். அங்கிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி ஆக்டன்ஸ்பர்க்கில் இருக்கிற ஸ்டெர்லிங் ஹில் 1986இல் மூடியது. இனி யாரும் கீழே இறங்கிப் புதிதாக ஒரு கல் எடுத்துவரப் போவதில்லை. சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் கல் வேறு ஊர்களிலும் கிடைக்கும். அரிசோனாவிலிருந்து வருவதை விளக்கின் கீழே வைத்தால் புதியவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. உங்கள் கல் ஃபிராங்க்ளின் கல்தான் என்று சொல்லக் கையில் இருக்கும் சாட்சி அந்தச் சீட்டும், அந்தப் பேத்தி சொன்ன கதையும்தான். இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த வீதியில், எந்த மாதம், யார் வீட்டில் வாங்கினீர்கள், பெரியவர் சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தார் என்று பேத்தி சொன்னார். ஒவ்வொரு கல்லையும் சீட்டோடு சேர்த்துப் படம் எடுங்கள். சுற்றியிருந்த செய்தித்தாளில் தேதி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

"பார்க்கர்" என்ற சீட்டைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பார்க்கர் ஷாப்ட் என்பது ஃபிராங்க்ளினில் 1890களில் இறக்கிய சுரங்கக் கிணறு. அதிலிருந்து வெளியே கொட்டிய கற்களில்தான் அதுவரை உலகத்தில் யாரும் பார்க்காத கனிமங்கள் சில வரிசையாகக் கிடைத்தன. 1897இல் விவரித்த ரோப்ளிங்கைட் அவற்றில் ஒன்று. புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்ளிங் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர் பெரிய கனிமச் சேகரிப்பாளர். அவருடைய சேகரிப்பு அவர் காலத்துக்குப் பிறகு ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குப் போனது. உங்கள் பெட்டியில் ரோப்ளிங்கைட் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்கர் என்று எழுதிய கல்லைத் தெரிந்தவர் ஒருவர் கையில் காட்டாமல் எதுவும் செய்யக் கூடாது.

"ஃபிராங்க்ளின் ஃபர்னஸ்" என்பது ஊரின் பழைய பெயர். அங்கே இரும்பு உருக்கும் உலை இருந்ததால் வந்தது. 1913இல் தனி நகராட்சி ஆனபோது வெறும் ஃபிராங்க்ளின் ஆகிவிட்டது. அதன் பிறகும் பழக்கத்தில் பழைய பெயரை எழுதியவர்கள் உண்டு, அதனால் அதை வைத்துக் கல்லின் வயதை அறுதியிட முடியாது. இருந்தாலும் நல்ல அடையாளம்.

அடுத்தது விளக்கு. 395 நானோமீட்டர் டார்ச் என்பது பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரிகிற ஊதாதான். தேள் தேடலாம், ரூபாய் நோட்டு பார்க்கலாம். ஃபிராங்க்ளின் கற்களில் பெரும்பாலானவற்றுக்கு ஷார்ட்வேவ், அதாவது குறுகிய அலை புற ஊதா வேண்டும், 254 நானோமீட்டர் பக்கம். கனிமம் பார்க்கவென்றே விற்கும் விளக்கை வாங்குங்கள். முகப்பில் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு ஃபில்டர் இருக்கும். அதுதான் விலையே. புற ஊதாவை வெளியே விட்டு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுப்பது அதன் வேலை. கிருமி கொல்லும் வெறும் டியூபை மலிவாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். அதன் நீல வெளிச்சம் கல்லின் ஒளியை அமுக்கிவிடும், ஆபத்தும் அதிகம்.

ஆபத்து என்றால் இதுதான்: ஷார்ட்வேவ் நேராகக் கண்ணில் பட்டால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்தி, நீர் கொட்டும். தோலும் வெயில் பட்ட மாதிரி சிவக்கும். ஆனால் தடுப்பது சுலபம். சாதாரணப் பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடியே இந்த அலையை நிறுத்திவிடும், பக்கவாட்டையும் மூடுகிற மாதிரி வாங்குங்கள். முழுக்கைச் சட்டை. விளக்கை மகள் கையில் பிடிக்க விடாமல் ஓர் அட்டைப் பெட்டியின் மேல்பக்கம் பொருத்தி, கீழ்நோக்கி அடிக்கும்படி வைத்து, முன்பக்கம் சின்ன ஜன்னல் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லைத் தொட்ட பிறகு கை கழுவட்டும். இங்குள்ள கனிமங்கள் சிலவற்றில் ஈயம் உண்டு.

இன்னொன்று. அந்த "ஒன்றுமே இல்லாத" சாம்பல் கற்கள் மூன்றையும் கடைசியில் விளக்கில் காட்டுங்கள். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

மியூசியம் பற்றி இரவு எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிறது.

நெய்வேலி_ரவி

மணி சார், ஒரு சந்தேகம். நான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், கல்லைப் பற்றி அதிகம் தெரியாது. துத்தநாகம் என்றால் சல்பைடு தாதுதான் என்று படித்திருக்கிறேன். ராஜஸ்தான் ஜாவரில் பல நூற்றாண்டுக்கு முன்பே உருக்கினார்களே, அதுவும் ஸ்பாலரைட்தான். இங்கே நீங்கள் சொல்கிற பெயர்கள் எல்லாம் புதிதாக இருக்கின்றனவே?

அப்புறம், மூடிய சுரங்கத்தில் தண்ணீரை என்ன செய்தார்கள்? எங்கள் ஊரில் நிலத்தடி நீரை இறைப்பதை நிறுத்தினால் சுரங்கமே இல்லை. அதனால் கேட்கிறேன்.

தமிழ்ச்செல்வி_இயற்பியல்

மதுரையில் பள்ளி ஆசிரியை. கல் ஏன் ஒளிர்கிறது என்று கீதாவின் மகள் கட்டாயம் கேட்பாள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இந்த ஊர்க் கற்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் காரணம் ஒரே பொருள்தான்: மாங்கனீசு. கனிமம் உருவாகும்போது கால்சியமோ துத்தநாகமோ இருக்க வேண்டிய இடத்தில் சில இடங்களில் மாங்கனீசு அயனி போய் உட்கார்ந்துவிடுகிறது. வில்லமைட்டில் அந்த அயனியைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள், கால்சைட்டில் ஆறு. சுற்றியிருப்பவை மாறினால் அந்த அயனி வெளியிடும் ஒளியின் ஆற்றலும் மாறும். நான்குக்கு நடுவில் பச்சை, ஆறுக்கு நடுவில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ஒரே தனிமம் எப்படி டீச்சர் இரண்டு நிறம் தரும் என்பார்கள். படத்தைக் காட்டினால் அமைதியாகிவிடுவார்கள். கையில் கல்லே இருக்கிறது என்றால் அதைவிட நல்ல பாடம் ஏது!

கால்சைட்டில் இன்னொரு நுட்பம். மாங்கனீசு தனியாக இருந்தால் ஷார்ட்வேவ் புற ஊதாவைச் சரியாக உறிஞ்சாது. கூடவே கொஞ்சம் ஈயம் இருக்க வேண்டும். ஈயம் ஆற்றலை வாங்கி மாங்கனீசுக்குக் கை மாற்றிவிடும், மாங்கனீசு சிவப்பாக வெளியிடும். அதனால்தான் உலகத்தில் எத்தனையோ கால்சைட் இருந்தும் எல்லாம் இப்படிச் சிவப்பதில்லை. இரும்பு இதற்கு எதிரி. கொஞ்சம் கூடுதலாகக் கலந்தாலே ஒளியை அணைத்துவிடும். இந்த ஊரின் கறுப்புத் தாதுவான ஃபிராங்க்ளினைட்டில் முக்கியப் பொருளே இரும்புதான், அது விளக்கின் கீழேயும் கறுப்பாகவே இருக்கும்.

வில்லமைட்டுக்கு ஆய்வகத்தில் ஒரு செயற்கை உடன்பிறப்பு உண்டு. மாங்கனீசு சேர்த்த துத்தநாக சிலிக்கேட். மின் அலைகளைக் கோடாகக் காட்டும் பழைய ஆசிலோஸ்கோப்புகள் பலவற்றின் திரையில் ஓடிய பச்சைக் கோடு அந்தப் பொருளின் ஒளிதான். கல்லூரி ஆய்வகத்தில் அதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள்.

மகளிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். நல்ல இருட்டில், விளக்கைச் சட்டென்று அணைத்துவிட்டுக் கல்லையே பார்க்கட்டும். சில வில்லமைட்டுகள் விளக்கு போன பிறகும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். எந்தக் கல்லில் எவ்வளவு நேரம் என்று குறித்து வைத்தால் அதுவே ஒரு அறிவியல் கண்காட்சிக்குப் போதும்.

மணி_சஸெக்ஸ்

செல்வி டீச்சருக்கு நன்றி. ஈயம் ஆற்றலைக் கை மாற்றிவிடும் விஷயத்தை இவ்வளவு தெளிவாக நான் யாரிடமும் கேட்டதில்லை.

ரவி சார், நீங்கள் கேட்டதுதான் இந்த ஊரின் மையக் கேள்வி. இங்கே துத்தநாகம் கந்தகத்தோடு சேர்ந்திருக்கவில்லை. மூன்று முக்கியத் தாதுக்கள்: ஃபிராங்க்ளினைட்டில் துத்தநாகத்தோடு இரும்பும் மாங்கனீசும், வில்லமைட் சிலிக்கேட், ஜின்சைட் ஆக்சைடு. இந்த மூன்றும் கைகோத்துக் கோடிக்கணக்கான டன்னாகக் குவிந்த இடம் இந்த இரண்டு குன்றுகள்தான். வெள்ளைப் பளிங்குப் பாறைக்குள் படிந்திருந்த இது, ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிய மலையாக்கத்தில் சிக்கி, வெந்து, நசுங்கி, மறுபடி படிகமானது. அதற்குப் பிறகும் வெடிப்புகளில் சூடான நீர் ஏறி ஏறிப் புதிய கனிமங்களைப் படிய வைத்தது. துத்தநாகம், மாங்கனீசு, ஈயம், ஆர்செனிக் எல்லாம் ஒரே இடத்தில் கலந்து கிடந்ததால் வேறெங்கும் சேராத கூட்டணிகள் சேர்ந்தன. இரண்டு சுரங்கமும் சேர்த்து 350க்கும் மேற்பட்ட கனிம வகைகள். ஒளிர்பவை மட்டும் தொண்ணூறுக்குக் குறையாது.

இதனால் உருக்குகிறவர்களுக்குப் பெரும் தலைவலி. 1810இல் ஆர்ச்சிபால்ட் புரூஸ் இங்குள்ள சிவப்புத் தாதுவில் துத்தநாகம் இருப்பதை எழுதினார். 1819இல் பியர் பெர்த்தியே கறுப்புத் தாதுவுக்கு ஊர்ப் பெயரையே வைத்தார். ஆனால் ஒரே துகளுக்குள் இரும்பும் துத்தநாகமும் இருந்தால் எந்த உலையில் போடுவது? 1850களில் சாமுவேல் வெதரில் தாதுவிலிருந்து நேராகத் துத்தநாக ஆக்சைடு எடுக்கும் வழியைக் கண்டார். அது வெள்ளைப் பெயின்ட்டுக்குப் போனது. மிஞ்சிய இரும்பு மாங்கனீசுக் கசடு எஃகு ஆலைகளுக்குப் போனது. 1890களில் ஜான் பிரைஸ் வெதரில் வலுவான காந்தத்தால் ஃபிராங்க்ளினைட்டைத் தனியே பிரிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். கீதா, உங்கள் மகள் இதை வீட்டிலேயே பார்க்கலாம். நல்ல காந்தம் ஒன்றை நூலில் கட்டி, கறுப்புப் படிகத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடட்டும். ஃபிராங்க்ளினைட் என்றால் மெல்ல இழுக்கும். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டால் அது மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவாக இருக்கலாம்.

வழக்குகளையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துப் பத்திரங்களில் ஒரே நிலத்தின் துத்தநாக உரிமையை ஒரு கம்பெனிக்கும், ஃபிராங்க்ளினைட் உரிமையை இன்னொரு கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே தோப்பில் மா ஒருவனுக்கு, தென்னை ஒருவனுக்கு என்று பாகம் பிரித்தால்கூட மரத்தைக் கையால் காட்டலாம். இங்கே ஒரு துகளுக்குள்ளேயே இரண்டும் இருந்தன. பல பத்தாண்டுகள் கோர்ட்டு கோர்ட்டாக அலைந்து, 1897இல் எல்லாரும் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனிக்குள் ஒன்றானபோதுதான் சண்டை ஓய்ந்தது.

தண்ணீர்: நீங்கள் நினைத்ததேதான் நடந்தது. ஸ்டெர்லிங் ஹில்லில் 2,500 அடிக்கும் மேல் ஆழம் போயிருந்தார்கள், சுரங்க வழிகள் மொத்தம் சுமார் 35 மைல் நீளம் என்பார்கள். மூடியதும் பம்புகளை நிறுத்தினார்கள், நீர் ஏறியது. இன்றைக்கு மேல் மட்டம் மட்டும்தான் நடக்கக்கூடிய இடம். கீழே இருப்பதெல்லாம் நீருக்குள். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார், ஸ்டெர்லிங்கில் கடைசிவரை வேலை பார்த்தவர். இயந்திரங்கள் கீழே கிடப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் குரலே மாறிவிடும்.

அவர் சொல்லித்தான் சாப்பாட்டு டப்பா விஷயமும் எனக்கு விளங்கியது. கம்பெனிக்குத் தேவை துத்தநாகம். அழகான கல்லா, அபூர்வக் கல்லா என்று யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், எல்லாம் அரவை ஆலைக்குப் போய்விடும். சுரங்கத் தொழிலாளிகள்தான் கண்ணில் பட்டதைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மேலே கொண்டுவந்தார்கள். முதலில் இங்கிலாந்தின் கார்ன்வால்காரர்கள், பிறகு ஹங்கேரி, போலந்து, ரஷ்யா என்று பல நாட்டு ஆட்கள். இன்றைக்கு மியூசியங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் கற்களில் எத்தனையோ அப்படி வெளியே வந்தவை. கீதா, உங்கள் ஷூ பெட்டியும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். இந்தக் கற்களை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன். பெயர் தெரியாத அந்த மனிதர்களின் கையெழுத்து அந்தச் சீட்டில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. உரிக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

ஒளிர்வதும் முதலில் வேடிக்கைக்காகப் பார்த்தது இல்லை. ஆலையில் தாது பிரித்த பிறகு கழிவில் வில்லமைட் வீணாகப் போகிறதா என்று தெரிய வேண்டும். பகல் வெளிச்சத்தில் வில்லமைட் ஒரு கல்லில் பச்சை, ஒரு கல்லில் பழுப்பு, ஒரு கல்லில் வெள்ளை, கால்சைட்டோடு கலந்தால் தெரியவே தெரியாது. இரும்பு முனைகளுக்கு நடுவே மின்பொறி பறக்கும் விளக்கைப் பிடித்தார்கள், பச்சையாகத் தெரிந்தது எல்லாம் துத்தநாகம்.

சரி, மியூசியம். ஒரே நாள் என்றால் ஆக்டன்ஸ்பர்க்கில் ஸ்டெர்லிங் ஹில்லுக்குப் போங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. 1989இல் ஹாக் சகோதரர்கள் அந்த இடத்தை வாங்கி, அடுத்த ஆண்டே மியூசியமாகத் திறந்தார்கள். உண்மையான சுரங்கத்துக்குள் நடந்து போவீர்கள். உள்ளே வருஷம் முழுக்க 13 டிகிரி பக்கம்தான், ஆகஸ்ட்டிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். தொழிலாளிகள் உடை மாற்றிய கூடம் அப்படியே இருக்கிறது. ஓரிடத்தில் விளக்கை அணைத்துப் புற ஊதாவைப் போடுவார்கள். சுவர் முழுக்கச் சிவப்பும் பச்சையும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கல் இல்லை, பாறை இருந்த இடத்திலேயே ஒளிர்கிறது. அதைப் பார்த்தால்தான் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்வேன். அங்கேயே ஒளிர்தலுக்கென்று தனி மியூசியமும் இருக்கிறது, புற ஊதா விளக்குத் தொழிலின் முன்னோடி தாமஸ் வாரன் பெயரில்.

இன்னொரு அரை நாள் கிடைத்தால் ஃபிராங்க்ளின் மியூசியம். கல் பொறுக்க வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டால் அதுதான் இடம். பக்வீட் குவியல் என்று பழைய சுரங்கக் கழிவு மேடு ஒன்று அதை ஒட்டி இருக்கிறது, காசு கட்டிவிட்டுப் பொறுக்கலாம். மழை பெய்து புழுதி கழுவிய மறுநாள் போனால் நல்லது. கையில் சுத்தியல், கண்ணாடி, காலில் கெட்டியான ஷூ. திறந்திருக்கும் நாளும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறும், போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதைப் படிக்கிற எடிசன் நகரத்துத் தமிழர்களுக்கு ஒரு செய்தி: ஆக்டன்ஸ்பர்க் மலை மேல் இன்னொரு 'எடிசன்' இருந்தது. 1890களில் தாமஸ் எடிசன் அங்கே பாறையைப் பொடித்து, காந்தத்தால் இரும்புத் தாது பிரிக்கப் பெரிய ஆலை போட்டார். மின்னசோட்டா பக்கம் மலிவான நல்ல தாது வந்ததும் பெரும் நஷ்டத்தோடு மூடினார். இப்போது காடுதான்.

கீதா_பார்சிப்பனி

மணி சார், விளக்கு வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடியே அட்டைப் பெட்டி செய்தோம். வெள்ளைக் கற்கள் எல்லாம் தணல் மாதிரி சிவப்பு, நடுவே பச்சைத் திட்டு. அதற்கே மகள் கத்திவிட்டாள். கடைசியில் அந்தச் சாம்பல் கற்களை வைத்தோம். ஒன்றில் எதுவும் இல்லை. ஒன்று முழுக்க நீலம் கலந்த ஊதா, ஓரத்தில் பச்சை. மூன்றாவதில் அதே ஊதாவோடு ஆரஞ்சுக் கோடும், ஒரு பக்கம் எலுமிச்சை மஞ்சளும் இருக்கிறது. இது என்ன? காந்தம் கறுப்புப் படிகத்தை மெல்லத்தான் இழுத்தது. டீச்சர் சொன்ன சோதனையில் ஒரு கல் நாங்கள் கதவைத் திறக்கும்வரை பச்சையாகவே இருந்தது.

சீட்டு எதையும் தொடவில்லை. பேத்திக்கு போன் செய்தேன். தாத்தாவின் பழைய நோட்டு ஒன்று இருக்கலாம், தேடித் தருகிறேன் என்றார்.

மணி_சஸெக்ஸ்

ஊதா நீலம் ஹார்டிஸ்டனைட். ஃபிராங்க்ளின் அப்போது சேர்ந்திருந்த ஹார்டிஸ்டன் டவுன்ஷிப் பெயரில் 1899இல் வைத்த பெயர். ஆரஞ்சுக் கோடு கிளினோஹெட்ரைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். எலுமிச்சை மஞ்சள் எஸ்பரைட் என்றுதான் என் மனம் சொல்கிறது. இந்த மூன்றும் உலகத்துக்கு முதலில் தெரிந்தது ஃபிராங்க்ளினில்தான். ஹார்டிஸ்டனைட், கிளினோஹெட்ரைட், எஸ்பரைட், வில்லமைட் நான்கும் ஒரே கல்லில் என்றால் சேகரிப்பவர்கள் வருஷக்கணக்கில் தேடுவது அதைத்தான். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, நேரில் பார்க்க வேண்டும். எஸ்பரைட்டில் ஈயம் உண்டு, அதனால் அந்தக் கல்லை உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். ஒளிராத கல்லையும் எறியாதீர்கள், ஒளிராதவற்றிலும் அபூர்வமானவை இருக்கின்றன.

ஃபிராங்க்ளின்-ஆக்டன்ஸ்பர்க் கனிமவியல் சங்கம் என்று 1959இலிருந்து நடக்கிற ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் கூட்டத்துக்குப் பெட்டியோடு போங்கள். இந்தக் கற்களோடு வாழ்ந்தவர்கள் வருவார்கள், பார்க்கர் சீட்டைக் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கேயே யாராவது விலை கேட்டால் உடனே சம்மதிக்க வேண்டாம், வீட்டுக்கு வந்து யோசியுங்கள்.

சீட்டு இல்லாத கற்களுக்கு மகளையே எண் போடச் சொல்லுங்கள். கல்லின் அடியில், பாறை மட்டும் இருக்கிற இடத்தில், வெள்ளைப் பெயின்ட் ஒரு சின்னப் பொட்டு. காய்ந்ததும் மெல்லிய கறுப்புப் பேனாவால் எண். அதே எண்ணை நோட்டில் எழுதி, எதிரே பகலில் என்ன நிறம், ஷார்ட்வேவில் என்ன நிறம், அணைத்த பிறகு ஒளிர்ந்ததா, காந்தம் இழுத்ததா. தாத்தாவின் நோட்டு கிடைத்தால் பழைய சீட்டுகளில் இருக்கும் எண்களை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், முதல் பக்கத்தையாவது படம் எடுத்துப் போடுங்கள்.